நொச்சி இலைக்காக இன்னும் எத்தனை எலிகள்? நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் மாற்றுச் சோதனை முறைகள்

பேட்டை ஆசிரியர்:

இந்த ஆண்டுக்கான எம்.பார்ம் (மருந்தியல் முதுகலை) ஆய்வுத் தலைப்புகள் மேசைக்கு வந்துவிட்டன. நொச்சி இலையின் வீக்கம் குறைக்கும் திறன், கீழாநெல்லியின் ஈரல் காக்கும் திறன், ஆவாரம்பூவின் சர்க்கரை குறைக்கும் திறன். பொதிகை மலையில் முளைக்கிற எதுவும் தப்பவில்லை. ஒருவர் பாபநாசத்தில் பறிக்கிறார், ஒருவர் குற்றாலத்தில் பறிக்கிறார். ஒருவர் எத்தனாலில் சாறு எடுக்கிறார், ஒருவர் தண்ணீரில். எலி மட்டும் மாறுவதே இல்லை.

நான் இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் மருந்தியல் சொல்லிக்கொடுப்பவன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் 'பி' படிவங்கள் என் கண்ணில் படும். அதில் தெளிவாகவே கேட்டிருக்கிறார்கள்: இந்த ஆய்வுக்கு விலங்கு ஏன் வேண்டும்? இதே மாதிரி ஆய்வு முன்பு நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் மறுபடி எதற்கு? வருகிற பதில் எப்போதும் ஒரே வரிதான்: 'உயிருள்ள உடலில் மட்டுமே இதை அறிய இயலும்.' போன வருசத்து தீசிஸிலிருந்து வெட்டி ஒட்டியது, எழுத்துப்பிழையோடு.

சட்டம் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 17-ஆம் பிரிவு, தவிர்க்க முடிந்த இடத்திலெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அறுபது வருசம் தாண்டிவிட்டது.

பெரிய மருந்து நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பேச இந்த இழை இல்லை. நம் ஊர்க் கல்லூரிகளில், இந்த ஆண்டே, எதை மாற்றலாம்? அதைப் பேசுவோம்.

வயக்காட்டான்:

அண்ணாச்சி, நான் படிப்பு குறைந்தவன், விவசாயம்தான். நொச்சியில் நாங்கள் ஆவி பிடிப்போம், தலையணைக்குள் வைப்போம், வேலி போடுவோம். அதைச் சோதிக்க எலியை என்ன பண்ணுகிறார்கள்? 'எலி எலி' என்று எல்லோரும் சொல்கிறீர்கள், என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

பேட்டை ஆசிரியர்:

நியாயமான கேள்வி. கேரஜீனன் என்று ஒரு பொருள், செம்பாசி வகைக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் அதைத்தான் போடுகிறார்கள். அதை ஒரு சதவீதக் கரைசலாக்கி, 0.1 மில்லி, எலியின் பின்னங்காலின் அடிப்பாதத்தில் ஊசி போடுவார்கள். பாதம் வீங்கும். அந்தக் காலைப் பாதரசமோ தண்ணீரோ உள்ள குழாயில் முக்கி, எவ்வளவு மேலே ஏறுகிறது என்று மணிக்கு ஒரு முறை அளப்பார்கள். ஆறு ஆறு எலிகளாகக் குழுக்கள்: ஒன்றும் கொடுக்காத குழு, டைக்ளோஃபெனாக் மாதிரி தெரிந்த மருந்து கொடுத்த குழு, நொச்சிச் சாறு குறைந்த அளவில் ஒன்று, கூடுதல் அளவில் ஒன்று. கடைசியில் பெரும்பாலும் எல்லா எலியையும் கொன்றுவிடுவார்கள்.

1962-இல் வந்த முறை இது. வந்த காலத்தில் நல்ல முறைதான், பல வலி மருந்துகள் இதில் தேறித்தான் வந்தன. என் சண்டை முறையோடு இல்லை. நொச்சி வீக்கத்தைக் குறைக்கும் என்று எலியின் பாதத்திலேயே பல பேர் ஏற்கெனவே அச்சிட்டுவிட்டார்கள். இன்னொரு முறை வீங்க வைத்து என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

ஜங்ஷன்வாசி:

ஏன்வே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேலப்பாளையத்தில் கறி வாங்க வரிசையில் நிற்கிறோம். வீட்டில் எலிப்பொறி வைக்கிறோம், விஷம் வைக்கிறோம். லேபில் இருக்கிற எலிக்கு மட்டும் என்ன தனிப் பாசம்? மருந்து எலியில் சோதிக்காவிட்டால் அப்புறம் என் பிள்ளை மேலா சோதிப்பார்கள்?

முன்னாள் விலங்கியல்:

ஜங்ஷன்வாசி தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எலியில் தேறிய மருந்தும் கடைசியில் மனிதர் மேல்தான் சோதிக்கப்படுகிறது. மனிதச் சோதனைக்குள் நுழைகிற புது மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்றுப்போகின்றன. அத்தனையும் விலங்கில் தேறி வந்தவைதான்.

2006-இல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள், ஆனால் உறுப்புகள் செயலிழந்து பெரும்பாடு பட்டார்கள். அந்த மருந்து போய் ஒட்டுகிற இடம் மனித வெள்ளணுவில் இருக்கிறது, குரங்கின் அதே வகை அணுவில் இல்லை. மனித அணுவைச் சரியான முறையில் வைத்துப் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. மறுபக்கமும் உண்டு. பென்சிலின் கினிப்பன்றியைக் கொன்றுவிடும். முதலில் கினிப்பன்றியில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த மருந்தே நமக்கு வந்திருக்காது.

ஆகவே இதைப் பாசம், பரிதாபம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். எலி நல்ல சாட்சியா என்பதும் கேள்வி. கறி தின்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், அதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

ஜங்ஷன்வாசி:

சரி சார். ஆனால் 'எலி சரியில்லை' என்பதால் 'தட்டில் வளர்க்கிற அணு சரி' என்று ஆகிவிடாதே?

முன்னாள் விலங்கியல்:

ஆகாது. அதனால்தான் ஒவ்வொரு மாற்று முறையையும் தனியாகச் சோதித்து ஏற்கிறார்கள். ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் வெளியிடும் வழிமுறைகளில் அது எண் போட்டு வரும். மனிதத் தோல் அணுக்களை அடுக்காக வளர்த்து அதன் மேல் ரசாயனத்தை வைத்து எரிச்சல் உண்டாகிறதா என்று பார்க்கும் முறை 439. கசாப்புக் கடையில் கழிக்கிற மாட்டுக் கண்ணை வைத்துப் பார்ப்பது 437, கோழிக் கண் 438. இதெல்லாம் இல்லாத காலத்தில் முயலைக் கழுத்தளவு பெட்டியில் பூட்டி, ஒரு கண்ணில் மருந்தை ஊற்றி, புண் ஆகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். 1944-இல் டிரெய்ஸ் என்பவர் வகுத்த முறை. ஷாம்புக்கும் முகப்பூச்சுக்கும் அதைச் செய்தார்கள். 2014 முதல் இந்தியாவில் அழகுசாதனப் பொருளை விலங்கில் சோதிப்பது தடை. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை வந்தது. கடையில் ஷாம்பு தீர்ந்துபோய்விடவில்லை, பார்த்தீர்கள்தானே.

ஆய்வு மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். நான்தான் அந்த 'வெட்டி ஒட்டுகிற' கூட்டத்தில் ஒருத்தி, அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன் சார்.

எலி எங்களுக்குப் பிடித்துப்போய் எடுக்கவில்லை. அனிமல் ஹவுஸ் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு இருக்கிறது, பராமரிக்க ஆள் இருக்கிறார். செல் கல்ச்சர், அதாவது அணுக்களைத் தட்டில் வளர்ப்பது, செய்ய வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் வேண்டும், கிருமி புகாத காற்றுமேடை வேண்டும், திரவ நைட்ரஜன் வேண்டும். செல் லைன் (தொடர்ந்து வளரும் அணு வகை) புனேயில் தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வாங்க வேண்டும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் வாங்கினார். வந்தது நன்றாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டர் அந்த அறைக்கு இணைப்பு கிடையாது. திங்கட்கிழமை திறந்தால் அணு வளரும் ஊட்டத் திரவம் மஞ்சளாகிப் புளித்த மாவு மாதிரி கலங்கிக் கிடந்தது. ஆறு மாத வேலை. அப்புறம் அவர் எலிக்குத்தான் போனார்.

அதோடு முடியவில்லை. இன் விட்ரோ (உடலுக்கு வெளியே, தட்டிலோ குழாயிலோ செய்வது) மட்டும் செய்து ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினால் ரிவியூவர் கேட்கிற முதல் கேள்வி 'இன் விவோ (உயிருள்ள உடலில் செய்தது) எங்கே?' வைவாவில் வெளித்தேர்வாளரும் அதையேதான் கேட்கிறார். கைடு எங்களைக் காப்பாற்றத்தான் 'எதற்கும் ஒரு எலி ஆய்வு வைத்துக்கொள்' என்கிறார். மாற்று முறை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தேர்வாளர்களிடம் பேசட்டும்.

பேட்டை ஆசிரியர்:

கோபம் சரியான இடத்தில் இருக்கிறது அம்மா. தேர்வாளர்களில் நானும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இன் விட்ரோ என்றவுடன் நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு சோதனை. வெள்ளைக்கருப் புரதத்தைச் சூடாக்கும்போது அது திரிவதைச் சாறு தடுத்தால் 'வீக்கம் குறைக்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கும் மனித மூட்டு வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. இதைப் பார்த்துச் சலித்த ரிவியூவர் 'இன் விவோ எங்கே' என்று கேட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மோசமான மாற்றைக் காட்டினால் நல்ல மாற்றுக்கும் கெட்ட பெயர்.

நொச்சிக்கு உருப்படியாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீக்கத்தை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கிற காக்ஸ் நொதியை இந்தச் சாறு தடுக்கிறதா, அதில் எந்த வேதிப்பொருள் தடுக்கிறது, டைக்ளோஃபெனாக்கை விட எத்தனை மடங்கு பலவீனம். இதற்குச் செல் கல்ச்சர் கூடத் தேவையில்லை, நொதிச் சோதனைக் கிட் இருந்தால் போதும். அடுத்த படியாக மனித ரத்தத்தை நேரடியாக எடுத்து, பாக்டீரிய நச்சு சேர்த்துத் தூண்டி, சாறு இருக்கும்போது எவ்வளவு புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது என்று அளக்கலாம். எலிப் பாதத்தை விட இது நோயாளிக்கு அருகில் இருக்கிறது.

பாளை வைத்தியர்:

இந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சித்த மருத்துவன், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன்.

மூலிகைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தலைமுறை தலைமுறையாக மனிதர் குடித்த குடிநீரை எலிக்குக் கொடுத்து 'பாதுகாப்பானது' என்று சான்றிதழ் வாங்குவதில் எனக்கே கூச்சம் உண்டு. ஆனால் எங்களிடம் உலோகத்தையும் தாதுவையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரமும் இருக்கிறது. ரசம் (பாதரசம்), தாளகம் (ஆர்சனிக் தாது), லிங்கம் (பாதரசத் தாது) சேர்கிற மருந்துகள். முறையாகச் சுத்தி செய்து புடம் போட்டால் தீங்கில்லை என்பது நூல்வழி. முறை தவறினால் சிறுநீரகம் போகும். ஒரு தட்டில் நாலு நாள் உயிரோடு இருக்கிற அணு, மூன்று மாதம் மருந்து சாப்பிட்ட சிறுநீரகத்தைப் பற்றி என்ன சொல்லும்? உடம்பு முழுக்க ஓடி, ஈரலில் மாறி, எலும்பில் தங்கி, மெல்ல வெளியேறுகிற உலோகம் அது. தொண்ணூறு நாள் எலி ஆய்வை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்?

நான் மாற்றுக்கு எதிரி இல்லை. கடினமான கேள்வியை விட்டுவிட்டு நொச்சியிலேயே நிற்கிறீர்கள் என்கிறேன்.

பேட்டை ஆசிரியர்:

நல்ல அடி வைத்தியரே. உலோக மருந்துக்கு நீண்டகால எலி ஆய்வை நாளைக்கே எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எலிக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைத் தாண்டி நேரே எலிக்கு ஓடுகிறோம். செந்தூரத்தில் உலோகம் எந்த வடிவில் இருக்கிறது, செயற்கையான இரைப்பை நீரில் போட்டால் எவ்வளவு கரைகிறது, இதைக் கருவியில் அளக்க முடியும். அளவு மீறிக் கரைகிற தொகுதியை எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, குப்பையில் போடலாம். மனிதச் சிறுநீரகக் குழல் அணுக்களில் பார்க்கலாம். இவ்வளவும் தாண்டி வருவதை மட்டும் எலிக்குக் கொண்டுபோனால் எலி எண்ணிக்கை தானாகக் குறையும்.

இன்னொன்று, இதை நீங்கள்தான் செய்ய முடியும். உங்கள் வெளிநோயாளிப் பிரிவில் இந்த மருந்துகளை மனிதர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு, மருந்துக்கு முன்னும் பின்னும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இவற்றைத் தொடர்ந்து பதிவு செய்தால் அதற்கு ஈடான எலி ஆய்வு உலகத்திலேயே இல்லை.

பாளை வைத்தியர்:

அது செய்யக்கூடியதுதான். செய்யாமல் இருப்பதற்குக் காரணம் எலி இல்லை, எங்கள் பதிவேட்டுப் பழக்கம். யோசிக்கிறேன்.

கொக்கிரகுளம்:

மருந்தை விட்டு வேறொரு பக்கம். நான் கழிவுநீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஆலைக் கழிவுநீரை வெளியே விடும் முன் பார்க்க வேண்டிய பட்டியலில் மீன் சோதனையும் ஒன்று. சுத்திகரித்த கழிவுநீரை அப்படியே தொட்டியில் ஊற்றி, மீன்களை விட்டு, 96 மணி நேரம் கழித்துத் தொண்ணூறு சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. எலிக்கு நெறிமுறைக் குழு கூடுகிறது, மீனுக்கு யாரும் கூடி நான் பார்த்ததில்லை.

மாற்று இருக்கிறதா என்று தேடினேன். 2013-இல் மீன் முட்டைக் கருவில் செய்யும் முறையை ஓஇசிடி ஏற்றது, எண் 236. 2021-இல் அதை விட ஒரு படி மேலே, 249. ரெயின்போ டிரவுட் மீனின் செவுள் அணுக்களைத் தட்டில் வளர்த்து, தண்ணீர் மாதிரியை ஊற்றி, அணு சாகிறதா என்று பார்ப்பது. இந்த அணு நம் ஊர் அறை வெப்பத்தை விடக் குறைந்த, 19 டிகிரி வாக்கில் வளர்வது. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் வேண்டாம். குளிர்பதன அறை இருந்தால் போதும். மேலே மாணவி சொன்ன கரண்ட் பிரச்சினை இதற்கும் உண்டு, ஆனால் மனித அணு அளவுக்கு இது நொய்ந்தது இல்லை.

தாமிரபரணியில் என்ன கலக்கிறது என்று ஊரே சண்டை போடுகிறது. ஆற்றுத் தண்ணீரை வாராவாரம் செவுள் அணுவில் சோதிக்கும் ஒரு தட்டு நம் பல்கலைக்கழகத்தில் இருந்தால் மீனும் பிழைக்கும், விவரமும் கிடைக்கும். இது என் ஆசை.

களக்காட்டான்:

எல்லாம் சரி. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாழைத்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும்போது எங்கள் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்து, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றித்தான் பிழைத்தார். அந்த மருந்து குதிரையில் இருந்து வருகிறது. சுண்டெலியில் சோதித்துத்தான் விடுகிறார்கள். 'மாற்று மாற்று' என்று சொல்லி அதை நிறுத்தினால் எங்கள் பக்கம் ஆள் சாவான். அதற்கு என்ன பதில் அண்ணாச்சி?

முன்னாள் விலங்கியல்:

நேரான பதில்: இன்றைக்கு அதற்கு முழு மாற்று இல்லை. நிறுத்தச் சொல்கிறவர்களோடு நானும் சேர மாட்டேன்.

வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. அது முறிக்கிறதா என்று தொகுதிக்குத் தொகுதி சுண்டெலியில் பார்க்கிறார்கள். நஞ்சு எதிர்ப்பொருளோடு ஒட்டுவதைத் தட்டிலேயே அளக்கும் முறைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் கடைசி முத்திரை இன்னும் எலியிடம்தான். குதிரையே இல்லாமல், மனித எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உருவாக்கும் வேலையும் நடக்கிறது. 2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து நாகம், கட்டுவிரியன் வகை நஞ்சுகளின் ஒரு முக்கியக் கூறைத் தடுக்கும் எதிர்ப்பொருளை வெளியிட்டார்கள். கண்ணாடி விரியனுக்கு அது போதாது.

ஆனால் தம்பி, நாய்க்கடி ஊசியை நினைத்துப் பாருங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் பெரியவர்கள் இன்றும் பயமுறுத்துவார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது, பல தலைமுறைக்கு நம் ஊருக்கு அங்கிருந்துதான் மருந்து. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றி, அதன் மூளையை எடுத்து அரைத்துச் செய்தது அது. மூளைத் திசு கலந்திருப்பதால் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. 2004 முடிவில் இந்தியாவில் அந்த மருந்து நின்றது. இப்போது கையில் போடுகிற ஊசியின் மருந்து அணு வளர்ப்பில் வருகிறது. பல தயாரிப்புகளுக்கு வீரோ என்ற அணு வகை, 1962-இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது, அதன் வழித்தோன்றல்தான் இன்றுவரை ஓடுகிறது. மாற்று வந்தபோது ஆடும் தப்பியது, மனிதனும் தப்பினான். மருந்தை நிறுத்தி மாற்று வரவில்லை. மாற்று தயாரான பிறகு பழையது நின்றது. பாம்புக்கடிக்கும் அந்த வரிசைதான்.

களக்காட்டான்:

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன் சார்.

பாபநாசம் பக்கம்:

முன்னாள் விலங்கியல் சாருக்கு: நீங்கள் பாடம் எடுத்த காலத்துத் தவளை பற்றியும் சொல்லுங்கள். எங்கள் ஊர் வயலில் மழை விட்ட ராத்திரி பெட்ரோமாக்ஸ் வைத்துப் பிடித்து, கோணியில் கட்டி, பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏற்றுவார்கள். காலேஜ் தவளை என்றே பெயர்.

முன்னாள் விலங்கியல்:

உண்மை. ஆறு விரல் பச்சைத் தவளை, ரானா ஹெக்சாடாக்டைலா. ஒரு வகுப்புக்கு ஒரு கோணி. குளோரோஃபார்ம் ஜாடி, மெழுகுத் தட்டு, குண்டூசி. விலங்கியல் மாணவர் நரம்பைத் தேடுவார்கள். மருந்தியல் மாணவர் வயிற்றுத் தசையை வெட்டி எடுத்து, கரிப்புகை பிடித்த உருளையில் அதன் சுருக்கத்தைக் கோடாகப் போட வைப்பார்கள். 2014-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கல்லூரி விலங்கியலில் இதை நிறுத்தியது. 'இனி மாணவனுக்குக் கை வராது' என்று புலம்பிய துறைத்தலைவர்கள் உண்டு. தசைக்கோட்டுப் பாடத்துக்கு ஜிப்மரில் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் வந்தது. மருந்தின் அளவைக் கூட்டினால் கோடு எப்படி ஏறும், எதிர்மருந்து கொடுத்தால் எப்படி இறங்கும் என்று பத்து முறை திரும்பத் திரும்பப் பார்க்கலாம். உருளைக் காலத்தில் ஒரு தவளை, ஒரு கோடு, அதுவும் பாதி நேரம் கரி சிந்திப்போகும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி டோரன்காம்ப் மையம் 2009 முதல் இதற்காகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நம் பக்கத்திலிருந்தும் போனார்கள்.

ஜங்ஷன்வாசி:

வெளிநாட்டில் விலங்குச் சோதனையையே தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இந்தியாவிலும் 2023-இல் தடை என்று போட்டிருந்தது. நிஜமா?

பேட்டை ஆசிரியர்:

தடை இல்லை. அமெரிக்காவில் 1938 சட்டம் புது மருந்துக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. விலங்கில்லாத முறையில் போதிய சான்று காட்டினால் ஏற்கலாம், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒருபடி போய், மோனோகுளோனல் (ஒரே வகை) எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் 2023 மார்ச் விதித் திருத்தமும் அதே வகை: அணு வளர்ப்பு, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி இவற்றை மருந்துச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம். 'முடியும்' என்று சொல்லியிருக்கிறார்கள், 'விலங்கு கூடாது' என்று யாரும் சொல்லவில்லை.

உறுப்புச் சில்லு என்றால் ஒரு பென் டிரைவ் அளவுள்ள ஒளிபுகும் ரப்பர்த் துண்டு. உள்ளே நுண்ணிய கால்வாய்கள், அதில் மனித ஈரல் அணுவோ நுரையீரல் அணுவோ, பக்கத்தில் ரத்தம் மாதிரி ஓடும் திரவம். 2022-இல் வெளிவந்த ஈரல் சில்லு ஆய்வில் 27 மருந்துகளைப் பார்த்தார்கள். ஈரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்தது, தீங்கில்லாத ஒன்றையும் தவறாகப் பிடிக்கவில்லை. அவற்றில் சில, விலங்கில் தேறி மனிதரைக் கெடுத்தவை. ஆனால் அந்தச் சில்லை விற்கும் நிறுவனமே செய்த ஆய்வு அது, அதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். விலையும் நம் கல்லூரிகளுக்கு எட்டாது. அதை நம்பி நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வு மாணவி:

சார், நடைமுறைக்கு வாருங்கள். எங்கள் பேட்ச் மட்டும் இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

பேட்டை ஆசிரியர்:

எனக்குத் தோன்றுவது. தலைப்பு எடுக்கும் முன் அந்தச் செடிக்கு ஏற்கெனவே வந்த எலி ஆய்வுகள் எல்லாவற்றையும் சேகரித்து, எத்தனை எலி, என்ன அளவு, என்ன பலன், எங்கே ஒன்றுக்கொன்று முரண் என்று அலசுவதையே ஓர் அத்தியாயமாக்குங்கள். பலருக்கு அந்த ஒரு வேலையே முழு தீசிஸ். அது விலங்கில்லாத ஆய்வுதான், புள்ளியியல் கற்றுக்கொண்டதாகவும் ஆகும்.

குடல் தசையில் மருந்து பார்ப்பவர்கள் கினிப்பன்றியைக் கேட்காதீர்கள். கோழிக்கடையில் வெட்டிய உடனே குடலைக் குளிர்ந்த டைரோடு கரைசலில் (தசையை உயிர்ப்போடு வைக்கும் உப்புக் கரைசல்) வாங்கிவந்தால் வேலை செய்கிறது. கண் சொட்டு மருந்து செய்பவர்களுக்கு ஆட்டுக் கண். மேலப்பாளையத்தில் அதிகாலையில் சொல்லிவைத்தால் கொடுப்பார்கள். விலங்கு சாகத்தான் செய்கிறது, ஆனால் நமக்காக இல்லை.

எலி தவிர்க்கவே முடியாது என்றால் பாதி எலிகள் சாகும் அளவைத் தேடும் பழைய எல்டி 50 கணக்குக்குப் போகாதீர்கள். ஏராளமான எலிகளைக் கொன்ற அந்த 401-ஆம் முறையை ஓஇசிடி 2002-லேயே அழித்துவிட்டது. 423-இல் படிக்கு மூன்று எலி.

அப்புறம் பொது வசதி. ஒவ்வொரு கல்லூரியும் இன்குபேட்டர் வாங்கி அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லாமல் வைத்திருப்பதை விட, நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் கல்லூரிகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரு செல் கல்ச்சர் அறை. ஒரு முழுநேரத் தொழில்நுட்பர், இருபத்துநாலு மணி நேர மின்சாரம். மாணவர் சாற்றைக் கொண்டுவந்து, முறை வைத்துச் செய்துகொண்டு போகலாம். அனிமல் ஹவுஸ் நடத்துகிற செலவோடு ஒப்பிட்டு நிர்வாகத்திடம் கணக்குக் காட்டப்போகிறேன்.

கொக்கிரகுளம்:

அந்த அறை வந்தால் செவுள் அணுவுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள் அண்ணாச்சி. அணுக்களுக்கு ஊட்டும் கன்றுக்குட்டிக் கருவின் சீரத்தையும் யோசியுங்கள். விலங்கில்லாத ஆய்வு என்று சொல்லிவிட்டு, வெட்டுக்கூடத்தில் சினைமாட்டின் கருவிலிருந்து எடுத்த ரத்தத்தை ஊற்றுகிறோம். காலாவதியான ரத்தத்தட்டுகளிலிருந்து செய்யும் மனிதச் சாறு பல அணுக்களுக்குப் போதும் என்கிறார்கள்.

ஆய்வு மாணவி:

கைடிடம் பேசிவிட்டேன். நொச்சியில் காக்ஸ் நொதிச் சோதனை, அடுத்து மனித ரத்தச் சோதனை, எலி கிடையாது. வெளித்தேர்வாளர் கேட்டால் பழைய எலி ஆய்வுகளின் அலசலைக் காட்டுவோம் என்று சொன்னார். ஒரு சந்தேகம்: ரத்தம் எங்கள் வகுப்புத் தோழிகளிடமே எடுத்துக்கொள்ளலாமா? பத்து மில்லிதான்.

பேட்டை ஆசிரியர்:

அப்படி எடுக்காதீர்கள். எலிக்கு விலங்கு நெறிமுறைக் குழு என்றால், மனித ரத்தம் ஒரு சொட்டு என்றாலும் மனித நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், எழுத்தில் சம்மதம் வேண்டும். வகுப்புத் தோழி என்றால் மறுக்கக் கூச்சப்படுவாள் என்று குழுவே கேள்வி கேட்கும், கைடின் மாணவி என்றால் இன்னும் கடுமையாகக் கேட்கும். துறைக்கு வெளியே இருந்து தன்னார்வலர் எடுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ சாப்பிட்டவரைச் சேர்க்க வேண்டாம், காக்ஸ் அளவே பொய்யாகிவிடும். உங்கள் கல்லூரியில் மனித நெறிமுறைக் குழு இல்லை என்றால், உள்ள நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். குழு அடிக்கடி கூடாது, ஆகவே விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.